காட்பாடி மனையும் மூலதன ஆதாய வரியும்: மாப்பிள்ளை சொல்வது சரியா, மகள் சொல்வது சரியா?

வாசகர் கேள்வி: ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காட்பாடியில் இருக்கிறேன். மாதம் 60,000 ரூபாய் பென்ஷன். 1988-இல் அப்பா வாங்கிப்போட்ட 2,400 சதுர அடி மனை எனக்கும் மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் தம்பிக்கும் பொதுவாக இருக்கிறது. 60 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். இதை விற்கலாமா என்று பேச்செடுத்ததும் வீட்டில் பெரிய வாக்குவாதம். "மூலதன ஆதாய வரியைக் குறைக்கப் போகிறார்கள், குறைத்தால்தான் நாட்டில் முதலீடு வரும், அதுவரை பொறுங்கள் மாமா" என்கிறார் பங்குச் சந்தையில் ஈடுபாடுள்ள மாப்பிள்ளை. "மாசச் சம்பளக்காரன் 30 சதவீதம் கட்டும்போது சும்மா கிடந்த மனையை விற்றவனுக்கு 12.5 சதவீதமே சலுகைதான், இதில் இன்னும் குறைப்பா?" என்கிறாள் மகள். இருவரில் யார் பக்கம் நியாயம்? நான் பொறுப்பதா, விற்பதா? லத்தேரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் இருக்கிறது. அதற்கும் இதே வரிதானா?

பதில்:

ஐயா, வணக்கம். வரி குறையும் என்ற நம்பிக்கையில் விற்பனையைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கான கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே வரி விகிதத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எதை லாபம் என்று எடுத்துக்கொள்வது என்ற கேள்வியைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

முதலில் மாப்பிள்ளையின் வாதம். மூலதன ஆதாய வரி என்பது சொத்தையோ பங்கையோ விற்ற லாபத்துக்குக் கட்டும் வரி. இது விற்றால்தான் வரும், விற்காதவரை ஒரு பைசாவும் கிடையாது. அதனால் விற்க வேண்டியவரும் விற்காமல் வைத்திருக்கிறார். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் தொழிலை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போக நினைக்கும் ஒருவர், பழைய ஷெட் இருக்கும் இடத்தை விற்றால் இத்தனை லட்சம் வரி போகும் என்று பார்த்ததும் பூட்டுப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். இடமும் முடங்குகிறது, பணமும் முடங்குகிறது. வரியைக் குறைத்தால் இப்படி முடங்கிய சொத்துகள் கைமாறும், விற்பனை கூடும், குறைந்த விகிதத்திலேயே அரசுக்கு அதிக வருமானம்கூட வரலாம் என்பது குறைப்பை ஆதரிப்பவர்களின் முக்கியமான வாதம். முடக்கம் உண்மைதான். என் மேசைக்கு வரும் பாதிப் பேர் "வரி எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்து போகிறவர்கள்.

ஆனால் அதிலிருந்து "வரியைக் குறைத்தால் வருமானம் கூடும்" என்று தாவுவதில்தான் சிக்கல். அமெரிக்காவில் 1986-இல் ஒரு சட்டம் போட்டு, 20 சதவீதமாக இருந்த உச்ச விகிதத்தை அடுத்த ஆண்டு முதல் 28 ஆக்கினார்கள். என்ன நடந்தது? 1986 முடிவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று எல்லோரும் விற்றுத் தள்ளினார்கள். அந்த ஆண்டு கணக்கில் வந்த மூலதன ஆதாயம் முந்தைய ஆண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டு படுத்துவிட்டது. இதில் தெரிவது, மக்கள் விற்கும் தேதியை மாற்றிக்கொள்கிறார்கள் என்பது மட்டும்தான். வரி கூடியபோது தேதியை முன்னால் இழுத்தார்கள், குறையும்போது பின்னால் தள்ளுவார்கள். இதனால் புதிதாக ஒரு தொழிற்சாலை வந்தது என்று சொல்ல முடியாது. குறைத்த முதல் ஓரிரு ஆண்டுகளில் வசூல் கூடுவதைக் காட்டி "பார்த்தீர்களா?" என்பவர்கள் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 அக்டோபரிலிருந்து 2018 மார்ச் வரை, பங்குச் சந்தையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்குக்கு வரியே கிடையாது. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது வந்த சலுகை அது. 2018 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் என்று திரும்பக் கொண்டுவந்தார். 2024 ஜூலை 23-ஆம் தேதி அது 12.5 சதவீதம் ஆனது, விலக்கு வரம்பு 1.25 லட்சம் ஆனது. வரி திரும்ப வந்ததால் சாதாரண மக்கள் சந்தையைவிட்டு ஓடினார்களா? 2018 மார்ச்சில் எஸ்.ஐ.பி. (மாதாமாதம் ஒரு தொகை போடும் முறை) வழியாக மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு வந்த பணம் மாதம் 7,000 கோடி ரூபாய் சொச்சம். 2024 ஏப்ரலில் அது 20,000 கோடியைத் தாண்டியது. இதற்கு வேறு காரணங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் 10 சதவீத வரி முதலீட்டை விரட்டிவிடும் என்ற பயம் மட்டும் பலிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், கொஞ்சம் யோசிப்பார்.

வரியே இல்லாத அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. யாருக்கும் பேர் தெரியாத கம்பெனியின் பங்கை இரண்டு ரூபாய்க்கு வாங்கச் சொல்வார்கள். ஒன்றரை வருடத்தில் அதை ஆட்களை வைத்தே ஏற்றி நூறு ரூபாய் ஆக்குவார்கள். உங்களிடம் இருக்கும் கறுப்புப் பணத்தை அவர்களிடம் கொடுத்தால், பங்கு விற்ற லாபமாகச் செக்கில் திரும்ப வரும். வரி இல்லை, கேள்வி இல்லை, கமிஷன் மட்டும். "லாங் டேர்ம் என்ட்ரி வேணுமா சார்?" என்று நம் ஊர்களுக்கே ஏஜெண்டுகள் வந்துபோனார்கள். அந்தக் கேஸ்கள் இன்னமும் தீர்ப்பாயங்களில் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு வகை வருமானத்துக்கு மட்டும் வரியைப் பூஜ்யமாக்கினால், மற்ற வருமானங்கள் அந்த வேஷம் போட்டுக்கொண்டு வரும். குறைப்பை எதிர்ப்பவர்கள் வைக்கும் வாதங்களில் எனக்கு அதிகம் உறைப்பது இதுதான்.

இப்போது மகளின் வாதம். சம்பளத்துக்கு 30, மனைக்கு 12.5 என்று சொல்லும்போது அநியாயம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 30 என்பது கடைசிப் படி. புதிய வரிமுறையில், 2025-26 கணக்குப்படி, வரிக்குட்பட்ட சம்பளம் 29 லட்சம் உள்ளவர் கட்டுவது 4.50 லட்சம். 29 லட்சம் மனை லாபம் பார்த்தவர் கட்டுவது 3.62 லட்சம். வித்தியாசம் உண்டு, ஆனால் மகள் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதுவே இரண்டு கோடி என்றால் கதை மாறிவிடும். சம்பளக்காரருக்கு 55.80 லட்சம், லாபக்காரருக்கு 25 லட்சம். செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள் தனி. ஆகவே மகளின் கோபம் கோடிக்கணக்கில் லாபம் பார்ப்பவர்கள் விஷயத்தில் நியாயமானது. ஒரே ஒரு மனையை ஆயுளில் ஒரு முறை விற்கும் உங்களைப் போன்றவர்மேல் அதைக் காட்ட வேண்டியதில்லை!

நிலத்தைப் பொறுத்தவரை மகளுக்கு இன்னும் பலமான வாதம் ஒன்று உண்டு, அதை அவர் சொல்லவில்லை. உங்கள் மனை விலை ஏறியதற்கு நீங்களோ அப்பாவோ என்ன செய்தீர்கள்? 1984-இல் அங்கே ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள், இன்று அது வி.ஐ.டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு ஆரம்பித்தது இன்றைய சி.எம்.சி. வடநாட்டிலிருந்து ரயிலேறி காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்கும் நோயாளிகளும் மாணவர்களும், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையும் சேர்ந்துதான் உங்கள் 2,400 சதுர அடிக்கு 60 லட்சம் விலை வைத்தார்கள். ஊர் கூடி ஏற்றிய விலையில் ஒரு பங்கை ஊருக்குக் கொடு என்பது நியாயமான கோரிக்கை. கடன் வாங்கி, ராத்தூக்கம் கெட்டு ஒரு தொழிலை வளர்த்து அதன் பங்கை விற்பவருக்குச் சலுகை கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன். வேலி போட்டுக் காத்திருந்ததற்குக் கேட்டால் யோசிப்பேன்.

இந்த வரி நமக்குப் புதிதும் அல்ல. இந்தியாவில் இந்த வரி முதலில் 1947-இல் வந்தது, 1949 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். பிறகு பிரிட்டன் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் 1956-இல் கொடுத்த பரிந்துரையை வைத்துத் திரும்பக் கொண்டுவந்தபோது நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

சரி, முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். எது லாபம்? விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 14 வருடத்தில் ரூபாயின் மதிப்பு பாதியாகிவிடும். இன்று 20 லட்சத்துக்கு மனை வாங்கி 14 வருடம் கழித்து 40 லட்சத்துக்கு விற்பவருக்கு உண்மையில் லாபமே இல்லை. அந்த 40 லட்சத்தில் அவரால் அதே அளவு மனையைத்தான் திரும்ப வாங்க முடியும். ஆனால் சட்டம் 20 லட்சம் லாபம் என்று சொல்லி 2.50 லட்சம் வரி கேட்கும். முன்பெல்லாம் இதற்கு ஒரு வழி இருந்தது. 1992-இல் மன்மோகன் சிங் கொண்டுவந்த இண்டெக்சேஷன் முறையில், வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டால் பெருக்கி, அதற்கு மேல் இருப்பதற்கு மட்டும் 20 சதவீதம் வரி போட்டார்கள். 2024 ஜூலையில் அதை எடுத்துவிட்டு 12.5 சதவீதம் என்றார்கள். கூச்சல் எழுந்ததும், 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று இறங்கி வந்தார்கள்.

இந்த மாற்றம் வரிக் குறைப்பா, வரி உயர்வா? ஆளைப் பொறுத்தது. குடியாத்தத்தில் ஒருவர் 2012-13-இல் 18 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26-இல் 32 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு 200-லிருந்து 376 ஆகியிருக்கிறது. பழைய முறையில் அவருடைய அடக்க விலை 33.84 லட்சம், அதாவது நஷ்டம், வரி பூஜ்யம். புதிய முறையில் 14 லட்சம் லாபம், 1.75 லட்சம் வரி. பழைய முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவர் தப்பித்தார். இப்போது உங்கள் கணக்கு. 2001-க்கு முன்பு வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், ஆனால் அது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அதை 2 லட்சம் என்று வைப்போம். பழைய முறையில் அடக்கம் 7.52 லட்சம், லாபம் 52.48 லட்சம், வரி 10.50 லட்சம். புதிய முறையில் லாபம் 58 லட்சம், வரி 7.25 லட்சம். பார்த்தீர்களா? முப்பது மடங்கு விலை ஏறிய உங்களுக்கு மூன்றேகால் லட்சம் குறைந்தது. ஒன்றுமே மிஞ்சாத குடியாத்தத்துக்காரருக்கு, அந்தப் பழைய தேதிச் சலுகை மட்டும் இல்லையென்றால், ஒன்றே முக்கால் லட்சம் கூடியிருக்கும். இனிமேல் வாங்கி விற்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாட்டியின் நகையை விற்றால்கூடக் கிடையாது.

அதனால் என் கட்சி இதுதான்: விகிதத்தை இன்னும் குறைக்கத் தேவையில்லை. இண்டெக்சேஷனைத் திரும்பக் கொடுத்துவிட்டு 20 சதவீதமே வாங்கிக்கொள்ளட்டும். நிலம் முடங்கிக் கிடக்கக் கூடாது என்று உண்மையிலேயே கவலைப்பட்டால், பத்திரப் பதிவுச் செலவில் கை வைக்கட்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது லாபத்தின்மேல் விழுவதில்லை, முழு விலையின்மேல் விழுகிறது. விற்றவர் நஷ்டப்பட்டிருந்தாலும் வாங்குபவர் கட்டியாக வேண்டும். உங்கள் மனையை வாங்குபவருக்கு 5.40 லட்சம். முடக்கத்துக்கு இதுவும் காரணம், ஆனால் இதைப் பற்றி யாரும் சேனலில் உட்கார்ந்து விவாதிப்பதில்லை. இது மாநில அரசின் வருமானம், அதை விட்டுக்கொடுப்பது சுலபமில்லை என்பதும் தெரியும்.

இனி உங்கள் சொந்த விஷயம்.

லத்தேரி நஞ்சை: வேலூர் மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரத்தில் 6 கிலோமீட்டருக்கும், குடியாத்தம் நகராட்சியிலிருந்தும் பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள பக்கத்து நகராட்சி, பேரூராட்சி எல்லைகளிலிருந்தும் 2 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தால், சட்டப்படி அது மூலதனச் சொத்தே அல்ல. விற்றால் வரியும் இல்லை. தாசில்தார் அலுவலகத்தில் தூரச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடங்கலில் பயிர் விவரம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வரியைக் குறைக்கலாமா வேண்டாமா என்ற சண்டையில் நம் மாவட்டத்துக் கிராம நிலத்தில் பெரும்பகுதி இல்லவே இல்லை என்பதை மாப்பிள்ளையும் மகளும் கவனிக்கவில்லை.

காட்பாடி மனை: உங்கள் பங்கு லாபம் 29 லட்சம், வரி செஸ் சேர்த்து 3.77 லட்சம். இதோடு நிற்காது. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு தள்ளுபடி. மனை லாபத்தையும் சேர்த்து மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் பென்ஷனுக்குக் கிடைத்த அந்தத் தள்ளுபடியும் போய்விடும். உங்கள் பென்ஷனுக்கு அந்த ஒரு வருடம் 12,250 ரூபாயும் செஸ்ஸும் வரும். சின்னத் தொகைதான், ஆனால் எதிர்பார்க்காமல் வந்தால் எரிச்சலாக இருக்கும்.

பணம் உடனே தேவையில்லை என்றால், விற்ற ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் 54 இ.சி. பிரிவுப் பத்திரத்தில் லாபத் தொகையைப் போடுங்கள், அந்த லாபத்துக்கு வரி வராது. ஒருவருக்கு 50 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம். (2026 ஏப்ரல் முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு.) வங்கி வைப்பில் ஒன்றரை சதவீதம் கூடக் கிடைக்கும் என்றாலும் 29 லட்சத்துக்கு வருடம் 43,500, ஐந்து வருடத்துக்கு 2.17 லட்சம்தான் இழப்பு. மிச்சமாகும் வரி அதைவிட அதிகம், பென்ஷன் தள்ளுபடியும் தங்கிவிடும். நீங்கள் வரி குறையும் என்று காத்திருந்தால், 12.5 என்பது 10 ஆனாலும் உங்களுக்கு மிச்சம் சுமார் முக்கால் லட்சம்தான். அதற்காக ஒரு நல்ல பார்ட்டியை விடுவதா?

தம்பி வெளிநாட்டில் இருப்பதால் இண்டெக்சேஷனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. உங்கள் கணக்கில் 12.5 சதவீதமே லாபம் என்பதால் நஷ்டமில்லை. ஆனால் வாங்குபவர் உங்கள் பங்கில் 1 சதவீதம் பிடித்தால் போதும், தம்பி பங்கில் மூலதன ஆதாய வரி முழுவதையும் பிடித்துக் கட்ட வேண்டும். அது தெரியாமல் இருவருக்கும் 1 சதவீதம் பிடித்துவிட்டு, பிறகு வாங்கியவருக்கு நோட்டீஸ் வருவது இங்கே வழக்கமாகிவிட்டது. தம்பியின் வரிப் பிடித்தத்தை லாபத்தின் அளவுக்கு மட்டும் நிர்ணயிக்கும் சான்றிதழுக்கு, அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைக்க நாள் ஆகும்.

இன்னொன்று. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தருகிறோம் என்று புரோக்கர் கட்டாயம் சொல்வார். சம்மதிக்காதீர்கள். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். அபராதம் ரொக்கம் வாங்கிய உங்களுக்குத்தான், கொடுத்தவருக்கு இல்லை. வரியைப் பூஜ்யமாக்கினால் இந்தப் பழக்கம் ஒழியும் என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். 9 சதவீதப் பதிவுச் செலவும், வாங்குபவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் கணக்கில் வராத பணமும் அப்போதும் இருக்கும்.

அடுத்த வாரமே காட்பாடி சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் உங்கள் சர்வே எண்ணுக்கு 2001-இல் இருந்த வழிகாட்டி மதிப்பைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அப்பாவின் 1988 கிரையப் பத்திரம், வாரிசுச் சான்று, உங்கள் இருவர் பெயரிலும் மாறிய பட்டா, வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து வையுங்கள். பதிவாளர் மதிப்பு நான் வைத்த 2 லட்சத்தைவிடக் கூடுதலாக இருந்தால் உங்கள் வரி இன்னும் குறையும்.